நூறு மீட்டர் தள்ளிப் போய்க் குடி

எங்கள் ஊர் ட்ரம்கீலில் அட்ராக்டா டார்பிக்குப் பயப்படாத ஜீவன்கள் இரண்டே இரண்டு. ஒன்று அவர் வளர்க்கும் கிழட்டுக் கழுதை. இன்னொன்று நான். கழுதைக்குக் காது கேட்காது. எனக்குக் கேட்கும், ஆனால் உறைக்காது.

அவர் பெட்ரோல் பங்க் நடத்தியவர். ஊருக்கு வெளியே பெரிய சாலை வந்ததும் வண்டிகள் அந்தப் பக்கம் போய்விட்டன. பம்புகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். நான்கு தூணும் மேலே ஒரு தகரக் கூரையும் பின்னால் அவர் வீடும் மிச்சம். அவர் கோட்டில் எப்போதும் மதுவிலக்குச் சங்கத்தின் சின்னம் குத்தியிருக்கும். பதினேழு வயதில் சத்தியம் செய்து குத்திக்கொண்டது. அதே பதினேழு வயதில் நான் செய்த ஒரே சத்தியம் இனி கணக்குப் பரீட்சை எழுதுவதில்லை என்பது. நானும் இதுவரை மீறவில்லை.

இதெல்லாம் நடந்த வருஷம் ஜூன் மாதத்தோடு அவருடைய சத்தியத்துக்கு ஐம்பது வருஷம். ஐம்பது முடித்தவருக்குச் சங்கத்தில் தங்கச் சின்னம் தருவார்கள். அதை எங்கே குத்துவது என்று கோட்டில் சாக்கட்டியால் புள்ளிகூட வைத்துவிட்டார்.

இப்படிப்பட்டவருக்குத் தம்பியாகப் பிறந்தவர்தான் ஊரில் இருக்கும் ஒரே பப்பின் முதலாளி ஃபின்டன் டார்பி. இருவரும் பத்தொன்பது வருஷமாகப் பேசுவதில்லை. காரணம் ஒரு புட்டிங். அவர்கள் அம்மாவை அடக்கம் செய்த அன்று பப்பில் எல்லாருக்கும் சாப்பாடு. ஃபின்டன் கேக்கையும் கஸ்டர்டையும் அடுக்கடுக்காகப் போட்டு ஒரு ட்ரைஃபிள் செய்திருந்தார். கேக்கை ஒயினில் ஊறவைத்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அட்ராக்டா கரண்டியை உதட்டருகே கொண்டுபோனபோது மூக்கு காட்டிக்கொடுத்துவிட்டது. பாதிரியார் அதற்குள் இரண்டு கிண்ணம் முடித்திருந்தார். அட்ராக்டா எழுந்து நின்று, "இனிமே உன் கூரைக்குக் கீழ என் தலை வராது" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். வரவில்லை.

பிறகு கொரோனா வந்தது. பப்பை மூடினார்கள், திறந்தார்கள், மூடினார்கள். கடைசியில், கப்பில் ஊற்றி மூடி போட்டுக் கொடுக்கலாம், ஆனால் வாங்கியவர் கடையிலிருந்து நூறு மீட்டருக்குள் நின்று குடிக்கக் கூடாது என்றார்கள். குடித்தால் மாட்டுவது கடைக்காரர். ஃபின்டன் பக்கச் சுவரில் இருந்த ஜன்னல் வழியாக ஊற்றிக் கொடுத்தார். மூடி போடும் வேலை எனக்கு. என் படிப்புக்கு அதிகம்தான்.

எங்கள் ஊருக்கு ஒரே தெரு. மேற்கே நூறு மீட்டர் போனால் போலீஸ் நிலைய வாசல். கிழக்குதான் வழி. ஃபின்டன் படகுக் கயிற்றை அளந்து வெட்டி, ஒரு நுனியை வாசற்படியில் மிதித்துக்கொண்டு நின்றார். தபால்காரர் மோஸி மறுநுனியைப் பிடித்துக்கொண்டு கிழக்கே நடந்தார். கயிறு போய் விறைத்த இடம் அட்ராக்டாவின் பங்க், முதல் தூண்.

"ஆண்டவனே, வேற எடமே இல்லையா?" என்றார் மோஸி.

"மழைக்கு ஒதுங்க அங்கதான் கூரை இருக்கு," என்றார் ஃபின்டன், தெருவின் இந்தக் கோடியிலிருந்தே. "போய்க் குடிங்க. கடிக்க மாட்டா."

கடிக்கவில்லை. தண்ணீர்க் குழாயால் பீய்ச்சி அடித்தார். முதல் நாள் வந்த ஏழெட்டுப் பேரும் மழைக்கு ஒதுங்கப் போய்த் தொப்பலாக நனைந்து திரும்பினார்கள். மறுநாளும் போனார்கள். வீட்டுக்குள் மாதக்கணக்கில் மனைவி முகத்தையும் டிவி முகத்தையும் மட்டும் பார்த்தவனுக்குக் குழாய்த் தண்ணீரெல்லாம் ஒரு பொருட்டா?

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நான் தகவல் சேகரிக்க அவர் சமையலறை ஜன்னல் பக்கம் போனேன். போன காரியம், குழாயை எங்கிருந்து அடைக்கலாம் என்று பார்ப்பது. உள்ளே அட்ராக்டா யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். "நேத்தும் இதையேதான சொன்ன? மழை வரும், மழை வரும்னு. எனக்குத் தெரியாதா? வேற ஏதாவது பேசேன்." எதிரே ஆளில்லை. வானிலை வாசிக்கிற ரேடியோ. அது பதில் சொல்லுமா என்று கொஞ்சம் காத்திருந்தார். அது பாட்டுப் போட்டுவிட்டது.

நான் குழாயை அடைக்காமல் வந்துவிட்டேன். அடுத்த நாள் வம்புக்காகவே கத்தினேன்:

"மிஸ் டார்பி! நாளைக்கு மழை வருமான்னு மோஸி கேக்குறாரு!"

"அவனுக்குக் கண்ணு இல்லையா? மேல பாக்கச் சொல்லு!"

"பாத்தா கழுத்து வலிக்குதாம்!"

குழாயோடு வெளியே வந்தவர் மோஸியின் கழுத்தைப் பார்த்தார். பிறகு அவருடைய செருப்பைப் பார்த்து அதைப்பற்றி நாலு வார்த்தை சொன்னார். மோஸி தன் மாமியார் பற்றி நாலு வார்த்தை சொன்னார். குழாய் தரையில் தானாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் அதை நிறுத்த ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு பெரிய கெட்டிலோடு டீ வந்தது. "இத குடிச்சா அத குடிக்க மாட்டீங்க" என்று எல்லாருக்கும் ஊற்றினார். அவர்கள் இதையும் குடித்தார்கள், அதையும் குடித்தார்கள். நாற்காலிகள் வந்தன. நாற்காலிக்கு நாற்காலி இரண்டு மீட்டர் இடைவெளி. மீறினால் குடைக் கம்பியால் முழங்காலில் ஒரு தட்டு. தெருவின் அந்தக் கோடியில் ஃபின்டன் ஜன்னலில் கழுத்தை நீட்டிக்கொண்டு என்னைக் கேட்பார்:

"என்னடி சொல்றா இன்னைக்கு?"

"உங்க கறுப்பு பீர் சாக்கடைத் தண்ணி மாதிரி இருக்காம்."

"குடிச்சுப் பாத்தவ மாதிரி பேசறா பாரு!" என்பார். ஆனால் என்ன சொன்னாள் என்று கேட்காமல் ஒருநாளும் விட்டதில்லை.

மே கடைசியில் அறிவிப்பு வந்தது. ஜூன் முதல் வாரத்திலிருந்து பப்புகள் வெளியே மேசை போட்டு நடத்தலாம், உள்ளே கூடாது. ஃபின்டன் கடைக்குப் பின்னால் ஆற்றங்கரையில் ஒரு துண்டுப் புல்தரை இருந்தது. அதற்கு நகராட்சி அனுமதி வேண்டும். அனுமதிக்குப் போலீஸிடமிருந்து நல்ல வார்த்தை வேண்டும். ஒரே ஒரு வழக்கு இருந்தாலும் அவ்வளவுதான். ஃபின்டன் ஏற்கெனவே வங்கியிலிருந்து வரும் கடிதங்களைப் பிரிக்காமல் அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தார். "இந்தக் கோடைய விட்டா நான் கடைய சாத்திட்டுப் போக வேண்டியதுதான்" என்று பீர்க் குழாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார். என்னிடம் இல்லை, குழாயிடம்.

அந்த வாரம்தான், பங்கில் கூடி நின்று குடிக்கிறார்கள் என்று யாரோ புகார் எழுதிப் போட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம். நல்ல மழை. பங்க் கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு பேர், கையில் கப். என் கையிலும் ஒன்று. ஆனால் அது வேறு சரக்கு. டீத்தூளைத் தார் நிறத்துக்குக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, மேலே முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துப் போட்டிருந்தேன். கண்ணால் பார்த்தால் கறுப்பு பீர்தான், ஃபின்டனே ஏமாந்துவிடுவார். மோஸி ஆசையாக ஒரு வாய் இழுக்கும்போது முகம் எப்படிக் கோணும் என்று பார்ப்பதற்காக இரண்டு நாள் உழைத்த உழைப்பு.

அவரிடம் நீட்டப் போகிற நேரத்தில் சார்ஜன்ட் லெனிஹன் அளக்கும் சக்கரத்தை உருட்டிக்கொண்டு மழையில் வந்து நின்றார்.

"வாசல்லேருந்து அளந்தா சரிதான்," என்றார். "ஆனா நீங்க வாங்கறது பக்கச் சுவர் ஜன்னல்ல. அங்கேருந்து அளந்தா இந்தக் கூரை முழுக்க உள்ளதான் வருது. நூறு மீட்டர் அதோ, அந்த முள்ளுச்செடிகிட்ட." எல்லாரும் முள்செடியைப் பார்த்தார்கள். அது கொட்டும் மழையில் நின்றது. "கப்புல என்ன?"

கதவைத் திறந்துகொண்டு அட்ராக்டா வந்தார், கையில் கெட்டில்.

"என் எடத்துல நான் டீதான் குடுக்கறேன், சார்ஜன்ட்."

"நீங்க குடுக்கறத கேக்கல. இவங்க குடிக்கறத கேக்கறேன்."

"டீ குடுத்தா டீதான் குடிப்பாங்க."

சார்ஜன்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாவம், அவருக்கும் இது பிடித்த வேலை இல்லை. ஆனால் புகார் எழுத்தில் இருந்தது. "மிஸ் டார்பி, இந்த ஊர்ல நான் கண்ண மூடிக்கிட்டு நம்பற ஆள் நீங்க ஒருத்தர்தான். இது டீன்னா, நீங்களே ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க. நான் சக்கரத்தை எடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

தெருவின் அந்தக் கோடியில் ஃபின்டன் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அட்ராக்டாவும் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு முகக்கவசத்தை இறக்குகிற மாதிரி கையைக் கொண்டுபோனார். கை கீழே வரும்போது கோட்டில் சின்னம் இல்லை. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் அது பைக்குள் விழுகிற சின்னச் சத்தம் கேட்டது.

மோஸியின் கப்பை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஐயோ மிஸ், அது அவரு வாய் வச்சது!" என்று கத்தினேன். "கொரோனா! இத எடுத்துக்குங்க, இன்னும் யாரும் தொடல."

என் கப்பை வாங்கினார். நுரையைப் பார்த்தார். உதடு ஏதோ முணுமுணுத்தது, ஜெபமா, தம்பிக்கு வசவா, தெரியாது. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார்.

ஒரு கண் திறந்தது. அது என்னைப் பார்த்தது. என் ஆயுசில் எந்தத் தலைமை ஆசிரியரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு மிச்சத்தையும் ஒரே மூச்சில் குடித்து முடித்து, மீசை மாதிரி ஒட்டியிருந்த நுரையைப் புறங்கையால் துடைத்தார்.

"சர்க்கரை பத்தல," என்றார்.

சார்ஜன்ட் காலிக் கப்பை வாங்கி மூக்கருகே வைத்தார். இன்னொரு முறை வைத்தார். பன்னிரண்டு பேர் கப்பில் மூக்கை நுழைக்க அவருக்கும் பயம் இருந்திருக்க வேண்டும், காலம் அப்படி. "சரி. டீய சீக்கிரம் குடிச்சு முடிங்க," என்றார், எங்களைப் பார்க்காமல். "நுரை அடங்கிடும்." சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் மறைந்ததும் தெருவின் அந்தக் கோடியிலிருந்து ஃபின்டன் ஓடி வந்தார். கால் வலி என்று படி ஏறாத மனுஷன், வீட்டுச் செருப்போடு, மழையில். கூரையின் விளிம்பில் வந்து நின்றுவிட்டார். உள்ளே வரலாமா என்று தெரியவில்லை.

"அட்ராக்டா! குடிச்சிட்டியா?"

நான் வாயைத் திறந்தேன். அட்ராக்டாவின் குதிகால் என் கட்டைவிரல் மேல் ஏறியது.

"குடிச்சேன்," என்றார். பொய்யில்லை.

"எனக்காகவா?"

"பின்ன, கழுதைக்காகவா?"

ஃபின்டன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். மழைத் தண்ணீர்தான் முகம் முழுக்க என்று பிறகு சொல்லிக்கொண்டார். "எப்படி இருந்துச்சு?" என்று மெல்லக் கேட்டார்.

"ட்ரைஃபிளுக்கு இது பரவால்ல," என்றார் அட்ராக்டா.

எல்லாரும் போன பிறகு என் காதைப் பிடித்துத் தூணருகே கொண்டுபோனார்.

"ஏண்டி, யாருக்குப் பண்ணின அத?"

"மோஸிக்கு."

"அப்ப எனக்குன்னு பண்ணல."

"இல்ல. ஆனா நீங்க எடுத்தப்போ சந்தோஷமா இருந்துச்சு."

காதை விட்டுவிட்டார். பையிலிருந்து சின்னத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "வயிறு குடிக்கல. மனசு குடிச்சிருச்சே, சோர்சா. தங்கத்த வாங்க எனக்கு என்ன யோக்யதை?"

பாதிரியாரைக் கேட்கச் சொன்னேன். கேட்டார். சத்தியம் தொண்டைக்குத்தான் என்றாராம் பாதிரியார். ட்ரைஃபிள் இரண்டு கிண்ணம் சாப்பிட்டவர் வேறென்ன சொல்வார்? ஆகவே கோவிலில் தங்கச் சின்னம் குத்தினார்கள். முதல் வரிசையில் ஃபின்டன், கோட்டு சூட்டோடு, என் பக்கம் சாய்ந்து காதில் சொன்னார்: "வெளில விட்றாத. பாவம், எனக்காக ஒரு தடவ தவறிட்டா. செத்தாலும் நான் சொல்ல மாட்டேன்." கண்ணில் அவ்வளவு பெருமை. நானும் மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அவர் படிக்கிற ஆளும் இல்லை, குதிரைப் பந்தயப் பக்கத்தைத் தவிர.

அனுமதி வந்தது. திறந்த நாளன்று ஆற்றங்கரைப் புல்லில் எட்டு மேசை, எட்டிலும் ஆள். குளிரில் எல்லாருக்கும் மூக்கு சிவந்திருந்தது, ஒருவரும் எழவில்லை. சாயங்காலம் சந்து வழியாக அட்ராக்டா வந்தார். அவர் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். வானம் மட்டும் இருந்தது.

"உன் கூரைக்குக் கீழ வர மாட்டேன்னுதான் சொன்னேன்," என்றார் ஃபின்டனிடம். "இங்க கூரை எங்க இருக்கு?" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஃபின்டன் உள்ளே ஓடி, பொங்க ஊற்றிய ஒரு கறுப்பு பீரைக் கொண்டுவந்து அக்காவின் முன்னால் வைத்துக் கண்ணடித்தார். அட்ராக்டா என்னைப் பார்த்தார். நான் மேசை துடைக்கிற சாக்கில் அதை எடுத்து மோஸி முன் வைத்துவிட்டு, முட்டை அடிக்கப் போனேன்.

அந்தக் கோடை முழுக்க எனக்கு அதுதான் வேலை. தினம் ஒரு கப், இரண்டு சர்க்கரை.

ஜூலையில் மழை பிடித்துக்கொண்டது. ஃபின்டன் எட்டு மேசைக்கும் மேலே ஒரு பெரிய தார்ப்பாய் கட்டினார். அட்ராக்டா வந்தார், பார்த்தார், வந்த இடத்திலேயே நின்றார். "இது கூரைதான?"

"துணி, அட்ராக்டா. வெறும் துணி."

"மழையத் தடுக்குதா, தடுக்கலையா?"

"தடுக்குது."

"அப்ப கூரை." திரும்பி நடந்தார்.

ஃபின்டன் ஒரு நிமிஷம் தார்ப்பாயையும் அக்காவின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலி மேல் ஏறி, எலுமிச்சை நறுக்கும் கத்தியால் அக்காவின் இருக்கைக்கு நேர் மேலே புதுத் தார்ப்பாயைக் கிழித்தார். வட்டமாகக்கூட இல்லை, கழுதைத் தலை மாதிரி ஒரு ஓட்டை. மழை நேராக நாற்காலியில் கொட்டியது.

"அட்ராக்டா! வந்து உக்காரு. நனையற மாதிரி பண்ணிட்டேன்!"

அவர் திரும்பி வந்தார். ஓட்டையை அண்ணாந்து சரிபார்த்தார். தன் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஈர நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்தார்.

"என்னடி பாக்கற," என்றார் என்னிடம். "என் பீர் எங்க?"