மச்சாள் மிதந்த கடல்

பெப்ரவரி மாதத்தில் ஒரு காலை, வெளிப்படிக்கட்டில் உறைந்திருந்த பனியில் வழுக்கி விழுந்து என் கணவர் கணுக்காலை முறித்துக்கொண்டார். அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் நாங்கள் இருவரும் கரிபியன் கடலில் பிரெஞ்சு பேசுகிற குவாதலூப் தீவுக்குப் போவதாக இருந்தது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடங்களில் முதல் தடவையாக, கல்யாண வீடும் இல்லாமல் செத்த வீடும் இல்லாமல், சும்மா ஓர் இடத்துக்குப் போக இருந்தோம்.

மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "நீ அக்காவைக் கூட்டிக்கொண்டு போ. ரிக்கற்றிலை பேர் மாத்தலாமாம். நான் கேட்டிட்டன்."

அக்கா என்று அவர் சொன்னது தன் மூத்த சகோதரியை. எனக்கு மச்சாள். அறுபத்தாறு வயது. கணவரை இழந்தவர், மகள் ரொறொன்ரோவில். மொன்ட்ரியாலில் எங்களுக்குக் கிட்ட, அஹுன்ட்சிக் பக்கத்தில் தனியாக இருந்தார். தையல் ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மாதா கோயில்தான் அவருக்கு எல்லாம். பீடத்துத் துணிகளைத் தோய்த்து மினுக்கி வைப்பதிலிருந்து, பூசைக்குப் பிந்தி வருகிறவர்களை ஒரு பார்வையில் கடைசி வாங்குக்கு அனுப்புவது வரை அவர் பொறுப்பு. நான் கனடாவுக்கு வந்த புதிதில் நாலு வருடம் அவருடைய வீட்டு மேல்மாடியில் இருந்தோம். எங்களுக்குள் சண்டை நடந்ததே இல்லை. சண்டை பிடிக்கும் அளவுக்கு நாங்கள் கதைத்ததும் இல்லை.

தொலைபேசியில் கேட்டபோது, "யோசிச்சுச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டார். வரமாட்டார் என்ற நிம்மதியோடு தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். அது கொதிப்பதற்குள் அவரே திரும்பத் தொலைபேசி எடுத்தார்.

"கடலுக்கை இறங்கிறதெண்டால் என்னத்தைப் போடுறது?" என்று கேட்டார்.

விமானத்தில் ஜன்னலோரம் அவர் இருந்தார். கைப்பைக்குள் மகள் அச்சடித்துக் கொடுத்த ஒரு தாள் இருந்தது. பார்க்க வேண்டியவை, செய்ய வேண்டியவை என்று பதினேழு விடயங்கள். எரிமலை, அருவி, கண்ணாடி அடித்தளம் வைத்த படகு, முகமூடி மாட்டிக்கொண்டு மீன் பார்ப்பது, வாசனைத் திரவியச் சந்தை. கோயில் கூட்டத்துக்குத் தயார் செய்வதுபோல அவர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் நாளும் நேரமும் குறித்திருந்தார். வழியெல்லாம் அந்தத் தாளையே வாசித்துக்கொண்டு வந்தார். கீழே மேகம் கலைந்து கடல் தெரிந்தபோது மட்டும் தாளை மடித்தார்.

விமானக் கதவைத் திறந்ததும் காற்று வந்து முகத்தில் அப்பியது. ஈரமான, இனிப்பான காற்று. கையில் குளிர்கோட்டுகளைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினோம். அந்த நிமிடத்திலிருந்து நேரம் வேறு விதமாக ஓடத் தொடங்கியது என்றுதான் நினைக்கிறேன். அந்த வாரத்தை இப்போது நினைத்தால் எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று சில இடங்களில் எனக்கே நிச்சயமில்லை.

தங்கிய வீடு கடற்கரைக்கு மேலே ஒரு மேட்டில் இருந்தது. ஐந்து அறைகள், தகரக் கூரை, இரண்டு மரங்களுக்கு நடுவில் கட்டிய வலை ஊஞ்சல். வீட்டுக்காரிக்கு என் வயது இருக்கும். தலையில் சிவப்பும் மஞ்சளும் கட்டம்போட்ட துணி கட்டியிருந்தாள். நான் மொன்ட்ரியால்-நோரில் சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஒரு கார்டெரியில் சமையல் வேலை செய்கிறேன். என் பிரெஞ்சு முழுவதும் அந்தப் பிள்ளைகளோடு பழகி வந்தது. வீட்டுக்காரி காலைச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தபோது, "ஓ, வடிவாய்ச் செய்திருக்கிறாயே, கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டாள்.

முதல் இரண்டு நாளும் நாங்கள் எதையும் பார்க்கவில்லை. தூங்கினோம். மழை ஐந்து நிமிடம் தகரத்தில் கொட்டும், பிறகு வெயில் எறிக்கும், பிறகு மறுபடியும் மழை. மாலையில் நகத்தளவு தவளைகள் எங்கிருந்தோ சின்ன மணிகளை ஆட்டுவதுபோலக் கத்தத் தொடங்கும். வாழ்க்கையில் ஒரு நாளும் ஐந்து மணிக்குப் பிந்தி எழும்பாத மச்சாள், இரண்டாம் நாள் பத்தரைக்கு எழுந்து வந்து வாசலில் நின்றார். கூந்தல் அவிழ்ந்திருந்தது. அவருடைய கூந்தல் அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

"எழுப்பியிருக்கலாமே" என்றார்.

"நல்ல நித்திரையிலை இருந்தனீங்கள். அதுதான் எழுப்பேல்லை."

"ஒண்டும் செய்யாமல் கிடக்க வெக்கமாக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு, ஊஞ்சலில் ஏறி மறுபடியும் படுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் வீட்டுக்காரி எங்களைத் தன் காரில் சந்தைக்குக் கூட்டிப்போனாள். கட்டம்போட்ட துணிகள் தோரணம்போலத் தொங்கின. அதன் பெயரே மெட்ராஸ் என்றாள். கறுவாப்பட்டை, சாதிக்காய், பெயர் தெரியாத பட்டைகள், மஞ்சள் நிறத்தில் ஒரு தூள். மச்சாள் குனிந்து தூளை மணந்து பார்த்தார்.

"உது என்னவாம்?"

"கொலொம்போ" என்றாள் விற்கிறவள்.

"கொழும்பிலையிருந்து வந்ததோ எண்டு கேளும்."

கேட்டேன். விற்கிறவளுக்கு விளங்கவில்லை. வீட்டுக்காரி இடையில் வந்து, தூளையும் ஓர் ஆட்டுத் தொடையையும் வாங்கிக்கொண்டாள். அன்று மாலை சட்டியில் கொண்டுவந்து வைத்த இறைச்சியில் மல்லியும் சீரகமும் கடுகும் இருந்தன, உறைப்புத்தான் குறைவு. சாப்பிடும்போது அவள் சொன்னாள், தன் தாய்வழிப் பாட்டன்மார் காரைக்காலில் கப்பலேறி இங்கே கரும்பு வெட்ட வந்தவர்களாம். வயதானவர்கள் இந்தக் கறியைக் 'கொல்பூ' என்பார்களாம்.

"குழம்பு" என்றார் மச்சாள், சாப்பாட்டிலிருந்து நிமிராமல்.

"கொல்பூ" என்றாள் வீட்டுக்காரி. பிறகு முற்றத்து மரமொன்றைக் காட்டி, "வெப்பெலெ" என்றாள்.

மச்சாள் கையைக் கழுவாமல் எழுந்து போனார். ஓர் இலையைப் பிடுங்கி மென்றார், துப்பினார். "ஓம், வேம்புதான்" என்று எனக்குச் சொன்னார், நான் நம்பமாட்டேன் என்பதுபோல.

வீட்டுக்காரிக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். மச்சாளுக்குத் தெரிந்த பிரெஞ்சு தையல் ஆலையில் பழகியது: கை, கழுத்து, பொத்தான், கெதியாய். அந்த நாலைந்து சொற்களை வைத்துக்கொண்டு இருவரும் இருட்டும்வரை கதைத்தார்கள். மச்சாள் அவளுடைய சட்டையின் தோள்மூட்டைப் பிடித்து, தையல் சரியில்லை என்று விளக்கினார். அவள் ஊசியும் நூலும் கொண்டுவந்தாள்.

கடலுக்குப் போனது நாலாம் நாள். அங்கே கரையிலிருந்து வெகு தூரத்தில் பவளப்பாறை ஒரு மதில்போல நிற்கிறது. அலை அங்கே வெள்ளைக் கோடாக உடைந்துவிடும். இந்தப் பக்கம் தண்ணீர் குளம்போலக் கிடக்கும், இடுப்பளவுதான் ஆழம், நிற்கிற காலில் நகம் தெரியும்.

மச்சாள் யாழ்ப்பாணத்தில் கடலுக்கு ஐந்து நிமிட நடையில் பிறந்து வளர்ந்தவர். கடலில் இறங்கியதில்லை என்றார். "தம்பியாக்கள் குளிப்பினம். நான் அவையின்ரை உடுப்பைப் பாத்துக்கொண்டு கரையிலை இருப்பன்."

கறுப்பு நீளக் காற்சட்டை, அதன்மேல் மகளுடைய தொளதொளத்த சட்டை. என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நான் கார்டெரிப் பிள்ளைகளை நீச்சல் தடாகத்துக்குக் கூட்டிப்போவதற்காக நீந்தப் பழகியிருந்தேன். "பின்பக்கமாச் சாயுங்கோ, நான் பிடிக்கிறன்" என்றேன்.

பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. சாய்ந்த உடனேயே மிதந்தார். ஒரு தத்தளிப்பு இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் முகத்தில் தெறிக்கவில்லை. கூந்தல் விரிந்தது, சட்டைக்குள் காற்றுப் புகுந்து வயிற்றில் ஒரு சிறு கூடாரம் எழும்பியது. எத்தனையோ வருடம் பழகியவர்போல அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பயத்தில் நான்தான் சட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

கரையோரமாக ஒரு மெல்லிய நீரோட்டம் இருந்திருக்க வேண்டும். மச்சாள் மெல்ல நகரத் தொடங்கினார். நான் பக்கத்தில் நடந்தேன். சின்ன மீன்கள் என் முழங்காலைச் சுற்றி வந்தன. கரையில் கதிரைகளும் குடைகளும் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

"காது தண்ணிக்கை கிடக்கு. நீர் கதைச்சால் எனக்குக் கேளாது" என்றார். சற்று நேரம் கழித்து, அதே குரலில், வானத்துக்குச் சொல்வதுபோலச் சொல்லத் தொடங்கினார்.

"நீர் வந்த முதல் குளிருக்கு உமக்கொரு கோட்டு வாங்கினனான்."

எனக்கு நினைவிருந்தது. அந்தக் குளிருக்கு மச்சாள் எனக்குத் தந்தது தன்னுடைய பழைய பழுப்புக் கோட்டு. கைகள் என் விரல் நுனிவரை வந்தன. அதே கிழமை அவர் ஒரு புதுச் சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தார். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மறக்கவும் இல்லை.

"அந்தச் சிவப்புக் கோட்டு உமக்கு வாங்கினது. உம்மடை அளவு. வீட்டை கொண்டு வந்து சும்மா போட்டுப் பாத்தன். கண்ணாடிக்கு முன்னாலை நிண்டன். பேந்து கழட்ட மனம் வரேல்லை."

ஒரு பறவை எங்களுக்கு மேலாகப் போனது. அவர் கண்ணால் அதைத் தொடர்ந்தார்.

"எனக்குச் சாடையா இறுக்கம். கையைத் தூக்க ஏலாது. எண்டாலும் போட்டன். பத்து வருசம் மெசினுக்கு முன்னாலை இருந்து மற்றவைக்குக் கோட்டுத் தைச்சனான். சிவப்பிலை ஒண்டு எனக்கெண்டு நான் போட்டதில்லை. உம்மட்டைச் சொல்ல வெக்கம். அதுதான் உம்மோடை முகங்குடுத்துக் கதைக்கேல்லை. ஒரு நாள் கதைக்கேல்லை, ரெண்டு நாள் கதைக்கேல்லை. பேந்து அது அப்பிடியே போட்டுது."

நான் நடந்துகொண்டே இருந்தேன். அவர் என்னோடு கதைக்காததற்கு இத்தனை வருடங்களும் நான் எத்தனையோ காரணங்களை நினைத்திருந்தேன். என் சமையல், என் வீட்டு ஆட்கள், தம்பியை நான் அவரிடமிருந்து பிரித்துவிட்டேன் என்ற கோபம். இராத்திரிகளில் கணவரிடம் கேட்டு அவரையும் நித்திரை கொள்ள விடாமல் செய்திருக்கிறேன். ஒரு கோட்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. இருக்கிற ஒரேயொரு நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு, கையைத் தூக்க முடியாமல், ஒரு குளிர்காலம் முழுவதும் என்னைப் பார்க்கக் கூசி நடந்த பெண்ணை நான் அப்போதுதான் கண்டேன். அன்று அவருக்கு இருந்த வயது, இப்போது எனக்கு இருப்பதைவிடக் குறைவு.

"அந்தப் பழுப்புக் கோட்டு நல்ல சூடு, மச்சாள்" என்றேன்.

"என்ன?"

"ஒண்டுமில்லை. கிடவுங்கோ."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மூச்சு நீளமாக வந்தது. உண்மையாகவே தூங்கிவிட்டார். சட்டை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தூங்குகிற என் மச்சாளை ஒரு வள்ளத்தைப்போல இழுத்துக்கொண்டு நான் கடலுக்குள் நடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் தண்ணீருக்குள் வலைபோல ஆடியது. என் கால்கள் எனக்குச் சொந்தமில்லாதவை மாதிரி இருந்தன.

ஒரு மணல் திட்டில் அவருடைய குதிக்கால் தட்டியபோது எழும்பிவிட்டார். சுற்றிப் பார்த்தார். நாங்கள் இறங்கிய இடம் தெரியவில்லை. எங்கள் செருப்பும் துவாயும் அந்த இடத்திலேயே கிடந்தன.

"எங்கை வந்திட்டம்?"

"தெரியேல்லை."

"சரி" என்றார்.

அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஈர உடுப்போடு கரையில் ஏறினோம். ஒரு கிழவி மரவாளியில் பனிக்கட்டியும் உப்பும் போட்டு, கைப்பிடியைச் சுற்றித் தேங்காய்ப்பால் ஐஸ்கிரீம் செய்துகொண்டிருந்தாள். மச்சாள் நின்று பார்த்தார், பிறகு போய்க் கைப்பிடியை வாங்கி வேகமாகச் சுற்றினார். கெதியாய், கெதியாய் என்று தன் ஆலைப் பிரெஞ்சில் தனக்கே சொல்லிக்கொண்டார். கிழவி இரண்டு கிண்ணத்தில் அள்ளித் தந்தாள். தேசிக்காய்த் தோலும் கறுவாவும் மணத்தன. தின்றுகொண்டே, அலை நனைத்த மணலில், வந்த வழியெல்லாம் வெறுங்காலோடு நடந்து திரும்பினோம்.

அதன் பிறகு தாளை எடுக்கவே இல்லை. எரிமலை மேகத்துக்குள் இருந்தது, ஒரு நாளும் வெளியே வரவில்லை. ஓர் அருவி பார்த்தோம். மற்ற நாளெல்லாம் காலையில் கடல், மத்தியானம் நித்திரை. ஞாயிறு பூசையில் பெண்கள் வெள்ளை உடுப்பில் கைதட்டிப் பாடினார்கள். எங்கள் கோயிலில் ஒரு பிள்ளை கால் ஆட்டினாலே திரும்பிப் பார்க்கிற மச்சாள், என் பக்கத்தில் மெல்ல அசைந்துகொண்டு நின்றார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மொன்ட்ரியாலில் இறங்கியபோது மூக்குக்குள் காற்று உறைந்தது. கணவர் ஊன்றுகோலோடு கதவைத் திறந்தார். "என்ன என்ன பாத்தனீங்கள்?" என்று கேட்டார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"ஒண்டும் பாக்கேல்லை" என்றார் மச்சாள். "கிடந்தனாங்கள்."

ஏப்ரலில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நீச்சல் தடாகத்தில் பெண்களுக்கு மட்டும் ஒரு நேரம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். மருந்து மணத்தது. சுவரில் மணிக்கூடு, தண்ணீருக்குள் கோடுகள், பக்கத்தில் யாரோ கையைக் காலை அடித்துக்கொண்டிருந்தார்கள். மச்சாள் சாய்ந்து பார்த்தார், கால் தாழ்ந்துகொண்டே போனது. இரண்டு முறை முயன்றுவிட்டு ஏறி வந்து, "இது தண்ணி இல்லை" என்றார்.

ஆனால் அதற்குப் பிறகு கோடை முழுவதும், எனக்கு வேலை இல்லாத சனிக்கிழமைகளில், நாங்கள் பஸ் ஏறி மொன்ட்ரியால் தீவின் மேற்கு முனைக்கு, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் போனோம். அங்கே ஆற்றோரம் பலகை நடைபாதை இருக்கிறது. படகுகள் கால்வாய்க்குள் வந்து நிற்க, பின்னால் கதவை மூடுவார்கள். உள்ளே தண்ணீர் ஏறி, படகை மேல்பக்க ஆற்றின் மட்டத்துக்குத் தூக்கிவிடும். சுடுபோத்தலில் தேத்தண்ணீரும் வாழைப்பழ வாய்ப்பனும் கொண்டுபோய் வாங்கில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்போம். அதிகம் கதைப்பதில்லை. ஒரு நாள் ஒரு சின்னப் படகில் இரண்டு பேர் பாண் துண்டைக் கடித்துக்கொண்டு ஏதோ பேசிச் சிரித்தபடி இருந்தார்கள். தண்ணீர் அவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் காலடி மட்டத்துக்குத் தூக்கி வந்தது. அவர்கள் கவனிக்கவே இல்லை.

"பாத்தீரே" என்றார் மச்சாள், தேத்தண்ணீரை என் பக்கம் நீட்டியபடி.

"ஓம்" என்றேன்.