அவிழ்க்காத கட்டு

ஃபேக்டரி வேலை முடிந்து அலுப்போடு உட்கார்ந்தேன். பள்ளியில் ஒன்றாம் ஆண்டு படிக்கும் மகள் கயல், ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையத்தால் கட்டிக்கொண்டிருந்தாள். அந்த ரப்பர் வாசம் என்னைச் சின்ன வயதில் நான் படித்த ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே இழுத்துக்கொண்டு போனது.

அங்கே டீச்சர் தரும் பத்துக் குச்சிக் கட்டை ஒவ்வொரு முறையும் அவிழ்த்து எண்ணுவேன். ஒரு குச்சி குறைந்திருந்தால் என்ன செய்வது?

"அது பத்துதான்லா! கட்ட நம்பி மேல எண்ணு புள்ள" என்பார் டீச்சர்.

மற்றவர்கள் இரண்டு கட்டும் மூன்று குச்சியுமாக இருபத்து மூன்றை வைத்து முடித்திருப்பார்கள். என் மேசையில் குச்சிகள் சிதறிக் கிடக்கும். இப்படியே பின்தங்கி, ஆறாம் ஆண்டோடு படிப்பே நின்றது.

இந்தப் பயம் இவளுக்கும் தொற்றிவிடக் கூடாதே என்று நினைத்தபடியே, அவள் கட்டிய கட்டை அவிழ்க்கப் போனேன்.

"ஐயோம்மா, பிரிக்காதீங்க! எண்ணித்தான் கட்டினேன்லா."

"சரிம்மா" என்று திருப்பி வைத்தேன். அவள் அடுத்த கட்டுக்குப் போனாள். நான் மேசைக்கு அடியில் என் விரல்கள் பத்துதானா என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.