நேர்ந்துவிட்ட கிடாவைக் கட்டியவள்

பிள்ளை இல்லாதவள் வளர்த்தால் ஆடுகூடச் சினை பிடிக்காது என்று என் கணவரின் அக்கா சொன்னபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்த தண்ணீரை அவர் காலில் ஊற்றிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஊற்றவில்லை. ஆடுகளுக்கு அது வேண்டியிருந்தது.

அப்போது நாங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கோட்டர்ஸில் குடியிருந்தோம். ரப்பர் விலை படுத்துப்போய், தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். என் கணவருக்குப் பட்டறை வேலை நிலைத்தது. எனக்குத்தான் அந்த வீட்டில் எதுவும் நிலைக்கவில்லை. கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் வயிறு திறக்கவில்லை என்று தண்ணீர்க் குழாயடியில் என் காதுபடவே பேசுவார்கள். கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அடுத்த வரிசை வீட்டில் இருந்தவர், எங்கள் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதுவரை அவருக்குத் தெரியும்.

ஆடுகள் என்னுடையவை. கிள்ளானில் பால் வியாபாரம் செய்த ஒரு வடநாட்டுக்காரர் ஊர் திரும்பியபோது, என் வளையலை விற்று வாங்கினேன். அவர் தம் ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த சாதி. காது முழ நீளம் தொங்கும், மூக்கு கிளி மூக்காக வளைந்திருக்கும், நிமிர்ந்து நின்றால் ஒரு கன்றுக்குட்டி உயரம். வாங்கும்போதே சினை. வந்ததும் குட்டி போட்டன, பால் கொடுத்தன, கோட்டர்ஸ் முழுக்க என் பால்தான். அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. குட்டி இல்லாமல் பால் ஏது? மடி சுருங்கச் சுருங்க, அண்ணியின் பேச்சு நீண்டது.

கிடா இல்லாத குறையும் இல்லை. அண்ணி எனக்காக முனியாண்டிக்கு ஒரு கிடாவை நேர்ந்துவிட்டிருந்தார். எனக்குப் பிள்ளை பிறந்தால் அதைக் கோயிலில் வெட்டுவதாக வேண்டுதல். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேர்ந்துவிட்ட கிடாவைக் கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, விற்கக்கூடாது. கழுத்தில் மஞ்சள் துணியோடு அது ராஜா மாதிரி திரிந்தது. அடுத்தவர் கீரைப் பாத்தியில் புகுந்தாலும் கும்பிட்டுத்தான் விரட்டுவார்கள். தன் தாடியிலேயே மூத்திரம் விட்டுக்கொண்டு அது வந்தால், தெருமுனையில் இருக்கும்போதே வீட்டுக்குள் நாற்றம் வந்துவிடும். இரவில் என் ஆடுகளோடுதான் படுக்கும். என் ஆடுகளோ அதை ஒரு கம்பத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மேயப்போய்விடும்.

"கிடாவும் கூடவே கெடக்கு, ஆடும் நல்லா திங்குது. அப்புறம் என்ன கொற? தண்ணி காட்டுற கைதான் கொற," என்றார் அண்ணி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் எங்கள் வீட்டுக்கே வந்து முடிவைச் சொன்னார். என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வர்ற திருவிழாவிலேயே கிடாவ வெட்டிடுவோம். சாமிக்கு முன்கூட்டியே குடுத்தா மனசு இரங்கும். அப்பவும் ஒண்ணும் இல்லேன்னா, கிள்ளான்ல ஒரு பொண்ணு இருக்கு. நல்ல எடம். நீயும் இரு, அவளும் இருக்கட்டும். ஒன்ன யாரும் வெளிய போகச் சொல்லல லா."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் ரசம் ஊற்றச் சொன்னார்.

ரசத்தை ஊற்றினேன். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. என் வயிற்றுக்காக ஒரு உயிரை வெட்டுவது, அதுவும் கடனுக்கு முன்பணம் கட்டுவதுபோல. அது பலிக்காவிட்டால் என் பாயில் இன்னொருத்தியைப் படுக்க வைப்பது. இதற்கெல்லாம் சாட்சி என் ஆடுகள்.

மறுநாள் காலை அவர் பட்டறைக்குப் போனதும், கொடிக்கயிற்றை அவிழ்த்து அந்தக் கிடாவின் கழுத்தில் கட்டினேன். எங்கள் வரிசையில் அப்படி ஒரு காரியத்தை யாரும் செய்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று, "அக்கா, சாமி குத்தம்," என்றாள். "சாமி என்கிட்ட வந்து கேக்கட்டும்," என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு நடந்தேன். கிள்ளான் ரயிலில் கார்டு பெட்டியில் ஏற்றினேன். மஞ்சள் துணியைப் பார்த்துவிட்டு ஒரு தோட்டத்து அம்மாள் பிளாட்பாரத்திலேயே அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கார்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

கிள்ளானில் என் அண்ணன் தென்னந்தோப்பு ஒன்றில் வேலை பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கயிற்றை வாங்கிக்கொண்டார். என் பக்கம் அந்த நாட்களில் நின்ற ஒரே ஆள் அவர்தான்.

நான் வீடு திரும்பியதும் அண்ணி ஆடிய ஆட்டத்தை எழுதினால் தாள் போதாது. மண்ணை வாரித் தூற்றினார். கணவர் என்னோடு பேசவில்லை, ஆனால் சாப்பிட்டார். திருவிழா கிடா வெட்டு இல்லாமலே கழிந்தது. முனியாண்டி என்னைக் கேட்க வரவில்லை.

சில வாரம் கழித்து அண்ணனே கிடாவோடு வந்து நின்றார். அது தோப்பு மேஸ்திரியின் வாழைக்கன்றுகளைத் தின்று தீர்த்துவிட்டதாம். "மன்னிச்சுக்கம்மா, இனிமே அங்க வச்சா எனக்கு வேல போயிரும்," என்றார். கிடா கொட்டகையை நோக்கி நடந்தது. அதன் நாற்றம் அதற்கு முன்னால் நடந்தது.

என் ஆடுகள் தலை தூக்கின. பலா இலையை வாயில் வைத்தபடியே நின்றன. அந்த வாரத்திலேயே ஒன்று ஓயாமல் கத்த ஆரம்பித்தது, வாலை ஆட்டிக்கொண்டு கிடாவின் பக்கத்திலேயே போய் நின்றது. அதைப் பார்த்து மற்றவையும் சும்மா கத்துகின்றன என்றுதான் முதலில் நினைத்தேன். ஒன்றுவிடாமல் எல்லாம் பருவத்துக்கு வந்தன. எந்தக் கிடாவை ஒரு கம்பத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தனவோ, அதே கிடாவுக்காக ஒன்றையொன்று முட்டித் தள்ளின. வயிறு தெரிய ஆரம்பித்தபோது கோட்டர்ஸே வந்து எட்டிப் பார்த்தது.

ஏன் என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது. வெகுகாலம் கழித்து, கால்நடை வைத்தியம் படித்த என் அண்ணன் மகளிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு விளக்கினாள். அந்த ஆடுகளின் ஊரில் ஒரு காலத்தில் பகல் நீளம், ஒரு காலத்தில் இரவு நீளம். கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து மூளை காலத்தைக் கணக்குப் பார்க்கும். இரவு நீள நீள, மூளைக்குள் இருக்கும் ஒரு சின்னச் சுரப்பி அதிகமாகச் சுரக்கும். அந்தச் சேதி மூளையின் அடியில் உள்ள இன்னொரு சுரப்பிக்குப் போகும். அங்கிருந்து ரத்தத்தில் இறங்கும் ஹார்மோன் கருப்பையை ஒட்டிய முட்டைப்பைகளை எழுப்பும். குட்டி பிறக்கும் நேரத்தில் புல் பச்சையாக இருக்கவேண்டும் என்பதற்காக உடம்பு செய்துகொண்ட ஏற்பாடு அது. கோலாலம்பூரிலோ வருஷம் முழுக்கப் பகலும் இரவும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இங்கே பிறந்து வளர்ந்த ஆடு அதைப்பற்றிக் கவலைப்படாது. தூரதேசத்து ஆடு மட்டும் வராத சேதிக்காகக் காத்துக்கொண்டு நிற்கும்.

"வெளிச்சம் மட்டும் இல்ல அத்தை, வாடைக்கும் அந்தச் சக்தி உண்டு," என்றாள். கிடாவின் வாடை மூக்கு வழியாக ஏறி அதே சுரப்பியைத் தட்டுமாம். ஆனால் எப்போதும் கூடவே கிடக்கும் கிடாவின் வாடை பழகிப்போகும். கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத இடத்தில் சில வாரம் வைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தால், உறங்கும் உடம்பு விழித்துக்கொள்ளும். கட்டக்கூடாது என்று நேர்ந்துவிட்டதால்தான் அந்தக் கிடா எந்நேரமும் என் ஆடுகளோடு கிடந்தது. பிள்ளை வரம் கேட்டுச் செய்த வேண்டுதலே ஆடுகளை மலடாக்கி வைத்திருந்தது.

"தெரியாமலே சரியான வைத்தியம் பண்ணிருக்கீங்க," என்றாள். வைத்தியமும் இல்லை, ஒன்றும் இல்லை. கோபம்.

ஆனால் அன்றைக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை. அண்ணி ஒரு தட்டில் குங்குமமும் பூவும் எடுத்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"தோஷம் போயிருச்சும்மா. சாமியே கிடாவ ஊர் சுத்திக் கூட்டிட்டுப் போய்க் கொண்டாந்து விட்டிருக்கு. இனிமே ஒனக்கும் நடக்கும். கிள்ளான் பொண்ண வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன்."

பின்னாலேயே இரண்டு பெண்கள். ஒருத்தி, பிள்ளையில்லாத தன் மருமகளை என் கையால் தொடச் சொல்லிக் கூட்டி வந்திருந்தாள். அந்தப் பெண் தலைகுனிந்து நின்றாள். நான் நின்ற இடத்தில் இப்போது அவள்.

வாயை மூடிக்கொண்டு பூவை வைத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். வீடு என்னுடையது, புருஷன் என்னுடையவர், அண்ணி தினமும் குழம்பு கொடுத்தனுப்புவார். பூவை நான் வாங்கவில்லை. அந்த மருமகளைப் பார்த்து, "ஒன்கிட்ட ஒரு கொறையும் இல்லம்மா, வீட்டுக்குப் போ," என்றேன். பிறகு அண்ணியிடம் திரும்பினேன்.

"ஆடு சினை பிடிக்காதப்ப அது என் தோஷம் இல்ல. இப்ப பிடிச்சதும் என் அதிர்ஷ்டம் இல்ல. எனக்குப் பிள்ள பொறக்காமலே போகலாம் அண்ணி. அப்ப மறுபடியும் அந்தப் பொண்ணத் தேடுவீங்களா? இப்பவே சொல்லிடுங்க."

அண்ணி, வாசற்படியில் நின்றிருந்த தம்பியை, என் கணவரைப் பார்த்தார். நானும் அவரைத்தான் பார்த்தேன்.

"நீங்க சொல்லுங்க. இந்த ஆடெல்லாம் சும்மாவே நின்னிருந்தா, நீங்க கிள்ளானுக்குப் போயிருப்பீங்களா?"

அவர், "போயிருப்பேன்னுதான் நெனைக்கிறேன்," என்றார்.

வலித்தது. இன்றைக்கும் எழுதும்போது வலிக்கிறது. ஆனால் அந்த வீட்டில் என்னிடம் சொல்லப்பட்ட முதல் உண்மை அதுதான்.

"சரி. சோறு ஆக்கிப் போடுறேன். பொண்டாட்டியா என்னைக் கூப்பிடாதீங்க," என்று சொல்லிவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். குட்டிகள் பிறந்தன, பால் பெருகியது, கோட்டர்ஸ் மறுபடி என் வாசலுக்கு வந்தது. நான் அடுப்படியிலேயே படுத்தேன். அவர் தானாகத் தண்ணீர் பிடித்து வைக்கக் கற்றுக்கொண்டார், ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டு வந்தார், நான் கண்டுகொள்ளவில்லை.

ஒருநாள் பட்டறை விட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனார். எங்கள் வீட்டு வாசல்வரை கேட்கும்படி, "பிள்ள இருந்தாலும் இல்லாட்டியும் அவதான். இனிமே இதப்பத்திப் பேசாதக்கா," என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவர் திரும்பி வந்தபோது நான் பால் கறந்துகொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை. கறந்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். அன்றிரவு பாயை அறைக்குக் கொண்டுபோனேன்.

எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அவர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவும் இல்லை. இரண்டுக்கும் ஆடு காரணமில்லை.