பக்கத்துக் காம்பராச் சிரிப்பு

அக்காவின் ஓராண்டு நினைவுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் தோட்டத்து மக்களுக்கும் அக்காவின் தம்பி எழுதுவது.

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பேச்சும் குறைவு. அக்கா மகள்தான், "மாமா, நீங்கதான் எழுதணும். அம்மா கூடவே இருந்தது நீங்கதான்" என்று பேனாவைக் கொடுத்தாள். ஆறுதலாக நாலு வார்த்தை வரட்டும் என்று ஃபாதர் சொன்னார். ஆறுதல் என்னிடம் இல்லை. நடந்ததை எழுதுகிறேன். பிழைகளை அக்கா மகள் திருத்தியிருக்கிறாள்.

அக்கா ஹாலிஎலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், இப்போதும் நாங்கள் இருக்கும் இதே லயத்தில் பிறந்தார். அம்மா இளம் வயதிலேயே போய்விட்டார். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழுந்துக் கூடையைத் தூக்கினார். எனக்குச் சோறாக்கினார், தலை வாரினார், அடித்தார். எனக்கு அம்மா முகம் தெரியாது. தேவைப்பட்டபோது அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டேன்.

அக்கா நல்ல கறுப்பு. இதை எழுத வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். எழுதாவிட்டால் மற்றது விளங்காது. பண்டாரவளைப் பக்கமிருந்து ஒருமுறை பெண் பார்க்க வந்தார்கள். தேத்தண்ணி குடித்தார்கள். எழும்பும்போது மாப்பிள்ளையின் அம்மா எங்கள் அப்பாவிடம், "எல்லாம் சரிதாங்க. பொண்ணுதான் கொஞ்சம் நெறம் கம்மி" என்றார்.

அக்கா உள்ளேயிருந்து, "கம்மி இல்லீங்க, கூட" என்றார்.

பக்கத்துக் காம்பராவில் சிரித்தார்கள். எங்கள் லயத்தில் வீட்டுக்கு ஒரு காம்பராதான், வரிசையாக ஒட்டியிருக்கும்; இடைச்சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் பேசுவது அடுத்த வீட்டில் விழும். சண்டையும் அப்படி, சிரிப்பும் அப்படி.

பிறகு மச்சான் வந்தார். தோட்டத்து லொறியில் வேலை. நிறத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவைக் கட்டிக்கொண்டு எங்களோடேயே இருந்தார். பதுளை டவுனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் பழைய டிவி ஒன்றை வாங்கி வந்தவர் அவர்தான். அப்போது லயத்துக்குக் கரண்ட் வரவில்லை. கார் பேட்டரியில் ஓடியது. லயத்துச் சனம் முழுக்க எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.

ஒரு நாள் பொழுது சாய்ந்ததும் இங்கிலீஷ் நாடகம் ஒன்று வந்தது. அமெரிக்காவில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, பிள்ளைகள். எல்லோரும் கறுப்பு. கீழே சிங்களத்தில் எழுத்து ஓடியது. அதைப் படிக்க எங்களில் ஆள் இல்லை. சனம் எழும்பிப் போகப் பார்த்தது.

நாடகத்தில் கதவைத் திறந்துகொண்டு அப்பா வந்தார். அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் வாய் அசைந்தது. எங்கள் அக்கா அந்த வாய்க்குச் சரியாகப் பேசினார்.

"வந்துட்டாரு தொரை. ஊரே வேலை விட்டு வந்தாச்சு, இவரு இப்பத்தான் வர்றாரு. எங்கய்யா போனீங்க, கோச்சி ஏறி கொழும்புக்கா?"

நாடகத்து அப்பா கையை விரித்தார். அக்கா குரலைக் கட்டையாக்கினார். "இல்லடி, வழியில மாடு படுத்திருந்துச்சு. அது எழும்புற வரைக்கும் நின்னேன்."

டிவிக்குள் யாரோ கூட்டமாகச் சிரித்தார்கள். எங்கள் வீட்டிலும் சிரித்தார்கள். எழும்பினவர்கள் உட்கார்ந்தார்கள்.

மச்சான் கேட்டார்: "இந்தச் சிரிக்கிற ஆளுங்க யாரு? வீட்டுக்குள்ள காணோமே."

"பக்கத்துக் காம்பரா ஆளுங்க" என்றார் அக்கா. "அங்கயும் செவரு பாதிதான் போல."

அதை நாங்கள் நம்பினோம். பல வருஷம் நம்பினோம். குடும்பம் முழுக்க ஒரே அறையில் இருக்கிறது. ஒருத்தர் வாயைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியாத ஆட்கள் சிரிக்கிறார்கள். அது லயம்தான். கொஞ்சம் நல்ல லயம்.

அதிலிருந்து வாராவாரம் அந்த நாடகம் எங்கள் வீட்டில் நடந்தது. உண்மையான கதை என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. அக்கா சொன்னதுதான் கதை. அந்த அப்பா பெரிய கங்காணி. அந்த அம்மா டிஸ்பென்சரி நர்ஸ். கதவைத் தட்டாமல் உள்ளே வரும் ஒல்லி மனிதனுக்கு எப்போதும் பாதித் தேங்காய் வேண்டும். மூத்த மகள் படிக்கிறவள். அவளைக் கொழுந்துக்கு அனுப்புகிற பேச்சே அந்த வீட்டில் வராது. அதில் அக்கா கண்டிப்பு.

அந்த நடிகர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது. முடிவில் எழுத்து ஓடும்போது அக்கா எழும்பி நின்று பார்ப்பார். "இதுல ஒண்ணு அந்தம்மா பேரு" என்பார். அவர்கள் எங்கே இருக்கிறார்களோ, உயிரோடு இருக்கிறார்களோ, தெரியாது. அவர்களைப் பற்றி இந்த மலரில் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நாங்கள் பார்த்த சினிமாவில் எங்கள் நிறத்து ஆண் வந்தால் அடி வாங்குவான். பெண் வந்தால் விளக்குமாறு பிடிப்பாள். இந்த அம்மாள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். புருஷன் அவளை அழகி என்று சொன்னது பாஷை தெரியாமலே எங்களுக்கு விளங்கியது.

"பாத்தியா தம்பி, என் நெறம். ஒருத்தனும் ஒண்ணும் சொல்லல" என்றார் அக்கா.

ஒரு நாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை, "ஏய் கருப்பி, இங்க வா" என்று கூப்பிட்டார். அக்கா கூடையை இறக்கி வைத்தார். அந்த அம்மாளைப் போலவே இடுப்பில் கை வைத்தார். "சொல்லுங்க வெள்ளக்காரரே" என்றார். கணக்கப்பிள்ளையும் எங்கள் நிறம்தான். நின்ற பெண்கள் எல்லோரும் டிவியில் சிரிப்பதைப் போல ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

இன்னொரு நாள் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற நானாவின் கடைக்குப் போயிருந்தோம். நாடகத்தைப் பற்றி அக்கா சொன்னதைக் கேட்டு நானா, "அந்தச் சனம் அமெரிக்காவுக்கு எப்படிப் போச்சு தெரியுமா தங்கச்சி? சங்கிலி போட்டுக் கப்பல்ல ஏத்திட்டுப் போனாங்க. பருத்தி எடுக்க. சந்தையில வித்தாங்க" என்றார்.

"எத, பருத்தியவா?"

"மனுசன."

பஸ்ஸில் திரும்பி வந்தோம். லயத்துக்கு ஏறும் வழியில் அக்கா நின்றார். "நம்ம ஆளுங்களும் கப்பல்லதான வந்தாங்க. அவங்களுக்கு வீட்டுக்குள்ள மாடிப்படி வந்துருச்சு. நமக்குச் செவரே பாதியில நிக்கிது" என்றார். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அந்த மாடிப்படி அக்காவுக்குப் பெரிய விஷயம். நாடகத்தில் யாராவது கோபித்துக்கொண்டு மேலே போவார்கள். மேலே என்ன இருக்கிறது என்று காட்டவே மாட்டார்கள். லயத்துப் பிள்ளைகள் கேட்கும். "யாருக்குத் தெரியும். எப்படியும் எறங்கி வந்துருவாங்க பாரு" என்பார் அக்கா. வருவார்கள்.

பிறகு டிவியில் அந்த நாடகத்தை நிறுத்திவிட்டார்கள். தமிழ் நாடகங்கள் வந்தன. அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "வெள்ளவெளேர்னு உக்காந்து அழுவுதுங்க" என்பார். மச்சான் நெஞ்சு வலியில் போனார். அக்கா கொழுந்தெடுத்தே மகளைப் படிக்க வைத்தார். அவள் எல்லயில் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஹோட்டலில் வேலைக்குப் போனாள். இங்கிலீஷ் பழகினாள். அவள்தான் ஃபோனில் அந்தப் பழைய நாடகத்தைத் தேடி எடுத்துக் கொண்டுவந்தாள்.

"அம்மா, இவரு கங்காணி இல்ல. மீன் கடை வச்சிருக்காரு."

"ஒனக்கு அவர எத்தன நாளாடி தெரியும்? எனக்கு ஒன் வயசுக்கு மேல பழக்கம்."

"சிரிக்கிறதும் பக்கத்து வீடு இல்லம்மா. சிரிப்ப மெசின்ல போடுறாங்க."

அக்கா ஃபோனை வாங்கிக் கிட்ட வைத்துப் பார்த்தார். "அப்ப அந்த வீட்டுக்குப் பக்கத்துல ஆளே இல்லையா?" என்றார்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் அக்காவின் நாக்கு ஓரத்தில் புண் வந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு பொத்துவிட்டது என்று இருந்துவிட்டார். மலையில் நிற்கிற பெண்களுக்குக் குளிருக்கும் வெற்றிலை, பசிக்கும் வெற்றிலை. புண் ஆறவில்லை. டவுன் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கொழும்புப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நாக்கை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவர் அதை அக்காவிடம் சொன்னார்.

"எடுத்தா பேசலாமா?"

"முன்ன மாதிரி முடியாதும்மா."

"கொஞ்சமாச்சும்?"

நர்ஸ் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். 

அக்கா மாட்டேன் என்றார். வீட்டுக்கு வந்துவிட்டோம். "நாக்கில்லாம நான் யாரு தம்பி?" என்று என்னிடம் கேட்டார்.  மகள் காலைப் பிடித்து அழுதாள். "நீ பேச வேணாம். இரு. எனக்கு அது போதும்" என்றாள். அக்கா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். "சரி, எடுக்கச் சொல்லு" என்றார்.

வார்டில் எல்லோருக்கும் வாயில்தான் வருத்தம், அதே புற்று. சிங்களப் பெண்கள், எங்கள் பெண்கள், ஒரு முஸ்லிம் அம்மா. ஒரு பின்னேரம் அக்கா மகள் அந்த நாடகத்தைப் போட்டு ஃபோனைக் கட்டில் கம்பியில் சாய்த்து வைத்தாள். அக்கா பேசத் தொடங்கினார். புண்ணோடுதான் பேசினார். தமிழில் ஒரு வரி, தெரிந்த சிங்களத்தில் ஒரு வரி. பாதித் தேங்காய்க்காரன் வந்ததும் வார்டே திரும்பிவிட்டது. சிரித்தால் அவர்களுக்கு வலிக்கும். கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மா, "ஐயோ அக்கே, போதும், தையல் பிரிஞ்சிரும்" என்று சைகை செய்தார்.

"சிரிக்காதீங்க. நான் இன்னும் மாட்டுக் கதைக்கே வரல" என்றார் அக்கா.

அக்கா பேசிய கடைசி நாடகம் அது. மாட்டுக் கதையைச் சொல்லி முடித்தார்.

நாக்கை எடுத்தார்கள். வீட்டுக்குக் கூட்டி வந்தோம். குழாயில் கஞ்சி கொடுத்தோம். கொஞ்ச மாதம் போனது. கழுத்தில் கட்டி வந்தது. இனி ஒன்றும் செய்ய முடியாது, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார்கள். டாக்டர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். அக்கா இருக்க வேண்டும் என்றுதான் நாக்கைக் கொடுத்தார். நாக்கும் போனது, அக்காவும் போகப் போகிறார் என்று தெரிந்தது. அதை அக்காவும் தெரிந்துகொண்டார். மகள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

கடைசி நாட்களில் மகள் லீவு போட்டு வந்திருந்தாள். பிற்பகலில் நாடகத்தைப் போட்டுக் காட்டுவாள். அவர்கள் இங்கிலீஷில் பேசுவார்கள். மெசின் சிரிக்கும். நாங்கள் மூன்று பேரும் பேசாமல் இருப்போம். ஒரு நாள் அக்கா என்னைப் பார்த்து, ஃபோனைக் காட்டி, என் வாயைக் காட்டினார். நான் பேச வேண்டும்.

நாடகத்து அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். நான், "வந்துட்டாரு தொரை" என்றேன். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டதற்குப் பதில் சொல்வதைப் போல இருந்தது. அதற்கு மேல் வரவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அக்கா போதும் என்று தலையை ஆட்டினார். கையை நீட்டி ஃபோன் சத்தத்தைக் குறைத்தார். முழுக்கக் குறைத்தார். அந்தக் குடும்பம் சத்தமில்லாமல் நடமாடியது. பிறகு அக்காவின் உதடு அசைந்தது. அந்த அம்மாள் வாயைத் திறக்கும்போது திறந்தது, மூடும்போது மூடியது. அப்பா வந்ததும் அக்காவின் புருவம் இறங்கியது. எங்கோ ஓரிடத்தில் அக்காவின் தோள் குலுங்கியது. அது சிரிக்கிற இடம். நாடகம் முடியும் வரைக்கும் அக்கா பேசினார். அன்றைக்கு என்ன கதை என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது.

அந்த வாரமே, விடிந்து பனி இறங்கும் நேரத்தில் அக்கா போய்விட்டார்.

அடக்கத்தன்று ஃபாதர் நல்ல பிரசங்கம் வைத்தார். அக்கா மேலே போயிருக்கிறார் என்றார். நாடகத்தில் மேலே போனவர்கள் இறங்கி வருவார்கள். நான் அதை ஃபாதரிடம் சொல்லவில்லை.

நன்றி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வேன் கொடுத்த நானாவின் மகனுக்கு நன்றி. கையைப் பிடித்துக்கொண்ட நர்ஸம்மாவுக்கு நன்றி. கல்லறைக்குக் குழி வெட்டிய தோட்டத்து ஆண்களுக்கும், கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த பெண்களுக்கும் நன்றி. முகம் மட்டும் தெரிந்த அந்த அமெரிக்காக் குடும்பத்துக்கும் நன்றி. இது அவர்களிடம் போய்ச் சேராது.

கடைசியாகப் பக்கத்துக் காம்பரா ஆட்களுக்கு. ஒரு வருஷமாக நீங்கள் சத்தமாகச் சிரிக்கவில்லை. பிள்ளைகள் சிரித்தால் வாயைப் பொத்துகிறீர்கள். எனக்குக் கேட்கிறது. சுவர் இன்னும் பாதியில்தான் நிற்கிறது. போதும், இனிச் சிரியுங்கள். எங்கள் வீட்டிலிருந்து ஏதாவது சத்தம் வரட்டும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம். இங்கே பேசுகிறவர் இல்லை.

அக்காவின் தம்பி