பன்னிரண்டரைக்குப் பின்னால் ஒரு பூஜ்யம்

என் முதல் வேலையில், வெர்னியரில் அளந்த 12.50 மி.மீ.யை ரிப்போர்ட்டில் 12.5 என்று எழுதிவிட்டேன்.

"பூஜ்யத்தை விட்டா, நீ அதை அளக்கவே இல்லேன்னு அர்த்தம்" என்று எல்லார் முன்னாலும் கத்திய மேனேஜர், என் டிரெய்னிங்கை ஆறு மாதம் நீட்டினார்.

இன்று போசரி தொழிற்பேட்டையில், வரும் சரக்கைச் சோதித்து ஏற்கிற என் மேஜைக்கு எதிரே, அதே மனிதர் சப்ளையராக உட்கார்ந்திருந்தார். அவருடைய ரிப்போர்ட்டில் சராசரி அளவு 12.4866667 மி.மீ.

"சார், கடைசியில இருக்கிற ஏழு எந்த வெர்னியர்ல தெரிஞ்சுது?"

"அரே, கால்குலேட்டர்ல வந்ததுப்பா. விடேன்."

"அளக்காததை எழுதலாமா சார்?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டு, சிவப்புப் பேனாவால் சுழித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

12.49 என்று திருத்திக்கொண்டு வந்து வெளியே காத்திருக்கிறார். அவருடைய சரக்கு லாரி கேட்டில் நிற்கிறது.

நான் சாயா குடிக்கிறேன். அதைச் சரிபார்க்க ஆறு மாதம் எடுத்துக்கொண்டால் அதிகமா? நீங்களே சொல்லுங்கள்.