கண்ணாடிச் சோணை

சோணை பூசிய சுவரில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்பார்கள். பாதி பொய். ஆனாலும் வில்லாபுரத்திலிருந்து சிம்மக்கல் வரை அவனுக்குக் கண்ணாடிச் சோணை என்றுதான் பேர். நாயக்கர் மகாலில் மராமத்து நடந்தபோது எட்டு மாதம் அங்கே வேலை பார்த்தான். மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு, கூட வேலை பார்த்த நாங்கள் படுப்போம். அவன் மட்டும் தூணைத் தடவிக்கொண்டு நிற்பான். அந்த வழவழப்பு கையில் ஏறிவிட்டது. அதுதான் அவனைக் கெடுத்தது.

எண்பத்தி ஒண்ணில் தல்லாகுளம் பக்கம் ஒரு கச்சேரி மண்டபம் எழும்பியது. எண்ணூறு நாற்காலி, நடுவில் ஒரு தூண் கிடையாது. பூச்சு முழுக்கச் சோணை பொறுப்பு. நல்லபடியாக முடித்தால் திறப்பு விழாவில் மேடையேற்றி வேட்டி துண்டு, அடுத்த கட்டடத்துக்கு அவனே மேஸ்திரி என்று காண்ட்ராக்டர் வாக்குக் கொடுத்திருந்தார்.

மேடைக்கு எதிரே இருந்த பின்சுவரைக் காட்டி இஞ்சினியர் சொன்னார்: "இது மட்டும் சொரசொரன்னே இருக்கட்டும்யா. தேய்ச்சிராத."

ஏன் என்று அவர் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை. இஞ்சினியரிடம் ஏன் என்று கேட்கிற பழக்கம் எங்களுக்கு எங்கே இருந்தது?

அப்போது சிமெண்டு பெர்மிட்டில்தான் கிடைக்கும். மூட்டைக்கு நாயாய் அலைய வேண்டும்.

"மாப்ள, சிமெண்டு பத்தல. வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வெக்கம்," என்றான் சோணை என்னிடம். "அதுக்காக இம்புட்டுப் பெரிய மண்டபத்துல கக்கூசுச் சுவரு மாதிரி விட்டுட்டுப் போகவா?"

ஒரு கல்யாணத்துக்கு இஞ்சினியர் மெட்ராஸ் போன நேரம் பார்த்து, பெர்மிட் சிமெண்டு லாரியில் வந்து இறங்கியது. கலவை போட்டுக் கொடுத்தது நான்தான். மூன்று நாள் தேய்த்தான். சுவர் கண்மாய்த் தண்ணீர் மாதிரி நின்றது.

இஞ்சினியர் வந்ததும் மேடையில் நின்று ஒரு தட்டு கை தட்டினார். மூன்று தட்டாகத் திரும்பி வந்தது.

"யார்யா தேய்ச்சது?"

"நான்தாங்கய்யா. அதான் சிமெண்டு வந்துருச்சுல்ல." சிரித்துக்கொண்டே சொன்னான், பாவி.

"சிமெண்டுக்கா சொன்னேன்? சத்தம் அந்தச் சுவர்ல ஒட்டணும்யா! நீ வழுக்கி விட்டுட்ட. பாடுறவன் பாட்டு அவன் மூஞ்சிலயே வந்து அடிக்கும்."

முழுக்கக் கொத்தச் சொன்னார். வேறு ஆளைக் கூப்பிட்டார்கள், சோணை விடவில்லை. உளியும் சுத்தியலுமாக ஐந்து நாள் அவனே கொத்தினான். ஆறாம் நாள் காண்ட்ராக்டர் அவனை வரவேண்டாம் என்றுவிட்டார்.

திறப்பு விழாவில் எனக்குத் துண்டு கிடைத்தது. அவனுக்கு இல்லை. பேர் மட்டும் போகவில்லை. "ஏலே, கண்ணாடி வாரான், கையைத் தட்டாதீங்கடா!" என்று சாரத்தில் நின்றவனெல்லாம் சிரித்தான். எந்த மேஸ்திரியும் அவன் கையில் பூசுகிற கரணையைக் கொடுக்கவில்லை. சிம்மக்கல்லில் சிமெண்டு மூட்டை இறக்கப் போனான்.

வில்லாபுரத்தில் அவன் வீடு அன்றிலிருந்து பூசாமல் செங்கல்லோடேயே நின்றது. மண்டப வேலை முடியட்டும், பூசுகிறேன் என்று பெண்டாட்டி பாண்டியம்மாளிடம் சொல்லி வைத்திருந்தான். போன ஐப்பசி மழையில் ஒரு பக்கம் மண் கரைந்து கல் ஆடியது.

"ஒரு நாள் வேலைதான மாப்ள. நான் கலவை போடுறேன். பூசிருவோம்," என்றேன்.

"வேணாம். வீட்டுச் சண்டையாச்சும் சுவர்ல ஒட்டட்டும்," என்றான்.

நான் சிரித்தேன். பாண்டியம்மாள் சிரிக்கவில்லை. அந்தச் சுவர் கார்த்திகையில் விழுந்தது.