கோட்டையில் ஓர் இலவச ஞாயிறு

மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், கிடைத்த அடுத்த வருஷம். காஜா பேராங்கில், செட்டிகள் குடியிருக்கும் கம்போங்கில், ஒரு பழைய வீட்டின் பின்னறையில் குடியிருந்தோம். நான், என் கணவர், நாலு வயது மகள். வீட்டுக்காரி செட்டிப் பெண், பல தலைமுறைக்கு முன் கப்பலேறி வந்து மலாய்க்காரர்களோடு கலந்துபோன தமிழ் வம்சம். நெற்றியில் பொட்டு, உடம்பில் மலாய்ப் பெண்கள் போடும் கெபாயாச் சட்டை, வாயைத் திறந்தால் மலாய். தமிழில் அவளுக்குத் தெரிந்தது சாமி பெயர்களும் சில பலகாரப் பெயர்களும்தான். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிடுவேன்.

என் கணவருக்குக் கோட்டையில் காவல் வேலை. கடலைப் பார்த்த குன்றின் சரிவில், டச்சுக்காரர் காலத்துக் கட்டடம் அது. வெளியே பீரங்கிகள், உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் வாள்களும் பீங்கான் தட்டுகளும். டிக்கெட் வாங்கித்தான் போகவேண்டும். அங்கே வேலை செய்கிறவர்களின் வீட்டாருக்கு மட்டும் மாதத்தின் கடைசி ஞாயிறு இலவசம்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அதன் உள்ளே போனதில்லை. தோட்டத்திலிருந்து வந்தவள் நான். டவுனில் இருந்துகொண்டு அதைப் பார்க்காமல் இருப்பது எனக்கு ஒரு குறையாகவே இருந்தது. கேட்கும்போதெல்லாம் அவர், "அடுத்த மாசம் பாப்போம்" என்பார். அந்த மாதம் நான் விடவில்லை. அக்காவும் சேர்ந்துகொண்டாள். அவளுடைய குலதெய்வக் கோயிலுக்குப் போட்டுப் போகும் கெபாயாவை எடுத்து உடுத்திக்கொண்டு, காலையிலேயே எங்கள் அறை வாசலில் வந்து நின்றாள். கோட்டை வாசலில் யாரென்று கேட்டால் மாமியார் என்று சொல்லட்டுமா, பெரியம்மா என்று சொல்லட்டுமா என்று கேட்டுச் சிரித்தாள். என் கணவர் சிரிக்கவில்லை. சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டார்.

"உடம்புக்கு முடியலையா?" என்றேன்.

"இல்ல, கிளம்பு" என்றார்.

நடந்தே போனோம். ஆற்றுப் பாலம் தாண்டியதும் அவர் நடை தளர்ந்தது. குழந்தைக்குக் கால் வலிக்கும், திரும்பிவிடலாம் என்றார். குழந்தையோ எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

கோட்டை வாசலில் மேசை போட்டு, டிக்கெட் எழுதும் இளம் கிராணி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காக்கி உடுப்பில் ஒரு மலாய்க்காரர் நின்றார். என் கணவரோடு ஒன்றாக வேலை பார்ப்பவர். ஹரி ராயாப் பெருநாளுக்கு எங்களுக்குக் கேதுபாட், ஓலைக்குள் வேகவைத்த சோறு, கொண்டுவந்து தந்தவர். நான் அவரை அபாங் என்றுதான் கூப்பிடுவேன், அண்ணன் என்பது போல. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

நான் கிராணியிடம் போய், "வேலைக்காரர் வீட்டார்" என்றேன். என் கணவரைக் காட்டினேன்.

கிராணி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "இவரா? இவர்தான் போன மாதமே நின்றுவிட்டாரே" என்றார் மலாயில். குரலில் கடுமை இல்லை. அதனால்தான் எனக்கு உடனே புரியவில்லை. வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அப்போது அபாங் முன்னால் வந்தார். "இனி அடேக் சாயா" என்றார். இது என் தங்கச்சி.

கிராணி என் சேலையைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார், பிறகு அபாங்கின் சொங்கோக் தொப்பியைப் பார்த்தார். "அவள்?" என்று அக்காவைக் காட்டினார்.

"அவள் என் அக்கா. நான் இங்கே வேலை செய்கிறேன் அல்லவா? என் வீட்டார் வந்திருக்கிறார்கள்" என்றார் அபாங்.

கிராணி சிரித்தே விட்டார். "உன் குடும்பம் பெரிய குடும்பம்" என்று சொல்லி உள்ளே போகக் கையைக் காட்டினார்.

அப்படித்தான் கோட்டைக்குள் இலவசமாகப் போனேன். எதைப் பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெட்டி பெட்டியாகக் காட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். தடித்த சுவர், சின்ன ஜன்னல், உள்ளே போகப் போக இருட்டு. அவர் என் பக்கத்தில் நடந்தார். இரண்டாவது அறைக்கு இறங்க ஒரு படி இருந்தது. அதற்கு முன்பே அவர் கை சுவரைத் தொட்டது. விரல்களால் தடவிக்கொண்டே போய், நின்று, காலை நீட்டிப் படியைத் தேடி இறங்கினார். பத்து வருஷம் வேலை செய்த இடத்தில் ஒரு மனிதன் அப்படியா நடப்பான்?

"என்னங்க, உங்களுக்குப் படி தெரியலையா?"

அவருக்கு எதிரே போய் நின்றேன்.

"என் மூஞ்சி தெரியுதா?"

"வெளிச்சத்துல தெரியும்" என்றார். "நேரா பாத்தா தெரியும். பக்கத்துல வர்றது தெரியாது. இந்த மாதிரி இருட்டுல எல்லாமே கறுப்பாப் போயிடும். ரெண்டு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா."

ஒரு சாயங்காலம் கதவுகளைப் பூட்டும் நேரத்தில் கண்ணாடிப் பெட்டி ஒன்றின்மீது மோதி உடைத்துவிட்டாராம். அதற்கு முன்பும் தடுமாறியிருக்கிறார். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று மேலாளர் சொல்ல, இவரும் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டார். அதோடு வேலை போயிற்று. அன்றிலிருந்து காலையில் வழக்கம்போலக் கிளம்பி, ஆற்று முகத்துவாரத்தில் சுமத்ராவிலிருந்து வரும் படகுகளிலிருந்து கரிமூட்டை இறக்கப் போயிருக்கிறார். பின்கழுத்தில் கறுப்பாக இருக்கிறதே என்று நான் கேட்டபோது, பொருள் வைக்கும் அறையைச் சுத்தம் செய்தேன் என்றார். நம்பினேன்.

"நீங்க ஒரு சொட்டுக்கூடக் குடிச்சதில்லையே. ஏன் ஆமான்னு சொன்னீங்க?"

"குடிகாரன்னா இங்க இல்லாட்டி வேற எடத்துல வேலை கெடைக்கும். குருடன்னா எவன் தருவான்?"

அந்த அறையில் வேறு யாரும் இல்லை. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவர்மேலா, இத்தனை நாள் ஒரே பாயில் படுத்தும் தெரியாமல் இருந்த என்மேலா, தெரியவில்லை. அவர் கையைச் சுவரிலிருந்து எடுத்து என் தோளில் வைத்துக்கொண்டேன். அப்படியே வெளிச்சத்துக்கு வந்தோம்.

வாசலில் அபாங் என்னைத் தனியே கூப்பிட்டார். தயங்கித் தயங்கிச் சொன்னார். "அவனைக் குடியை விடச் சொல், அடேக். நல்ல மனுஷன். நான் திரும்ப மேலாளரிடம் பேசிப் பார்க்கிறேன்."

என் கணவர் கொஞ்ச தூரத்தில் நின்றார். காதில் விழுந்திருக்கிறது. வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எதுவும் சொல்லாதே என்று என்னிடம் கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

ஆனால் ஊரார் முன்னால் என்னைத் தங்கச்சி என்று சொன்ன மனிதரிடம் அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அவர் குடிப்பதில்லை, அபாங். கண். கண் போய்க்கொண்டிருக்கிறது" என்றேன். என் மலாய் அரைகுறை. அவசரத்தில் சத்தமாகவும் வந்துவிட்டது. கிராணி தலையைத் திருப்பிப் பார்த்தார்.

வீடு வரும்வரை என் கணவர் என்னோடு பேசவில்லை. அன்று சாப்பிடவும் இல்லை. "என்னைத் தெருவுல நிக்க வச்சிட்ட" என்று மட்டும் சொன்னார். அக்கா தன் அடுப்பில் கஞ்சி வைத்துக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனாள்.

அந்த வாரமே அபாங் வந்து அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் விளக்கைக் கண்ணுக்குள் அடித்து நெடுநேரம் பார்த்தார். கண் நரம்பு காய்ந்துகொண்டே வருகிறது, கண்ணாடி போட்டாலும் மருந்து போட்டாலும் நிற்காது என்றார். கரிப்படகு வேலைக்கு இனிப் போகக்கூடாது, படகுக்கும் கரைக்கும் நடுவே போடும் பலகையிலிருந்து விழுந்தால் பிணம்தான் கிடைக்கும் என்றும் சொன்னார். அபாங் மேலாளரிடம் பேசினார். குடிகாரன் என்ற பேச்சு மாறியது, வேலை மாத்திரம் திரும்பி வரவில்லை. காவல்காரனுக்குக் கண் வேண்டும் என்பதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்?

நான் புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்தும் புகையறையில், அவற்றைப் பிரித்து அடுக்கும் வேலைக்குப் போனேன். விடியும் முன் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வீடு. மகளைப் பார்த்துக்கொள்வது, சமைப்பது, துணி துவைப்பது எல்லாம் அவர் பொறுப்பாயிற்று. முதலில் அடுப்புப் பக்கம் போகவே கூசினார். சோறு குழைந்தால் தட்டைத் தள்ளிவிட்டுக் கிணற்றடியில் போய் உட்கார்ந்துவிடுவார். பிறகு அக்கா அவருக்குத் தன் வீட்டு மீன் குழம்பு வைக்கக் கற்றுக்கொடுத்தாள். அவள் மலாயில் சொல்லுவாள், அவர் மூக்கால் பதம் பார்ப்பார்.

மகள் ஆறாம் வகுப்புக்குப் போகும்போது அவருக்குப் பார்வை முழுவதும் போய்விட்டது. கோட்டை வாசலில் நான் அப்படிச் சத்தமாகச் சொன்னதை அவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. ஆனால் தெருவில் இறங்கினால், யார் பார்க்கிறார்கள் என்ற கூச்சமில்லாமல், என் தோளில் கையை வைத்துக்கொண்டு நடந்தார்.